விசை போகும் வழி

20 மில்லிமீற்றர் தண்டொன்றில் இறுக ஏறியிருக்கும் பெயாரிங்கைக் கழற்ற எவ்வளவு விசை வேண்டும்? 6204 என்ற இலக்கமுள்ள பெயாரிங்கையே எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகரத்து உதிரிப்பாகக் கடையில் கேட்டாலும் மதுரையில் கேட்டாலும் அந்த இலக்கத்துக்கு ஒரே அளவுதான்: உள்துளை 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீற்றர். (கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் துளையின் அளவு வந்துவிடும், 04 என்றால் 20, 05 என்றால் 25.) தண்டு, துளையைவிடச் சற்றே பருமனாகக் கடையப்பட்டிருக்கும். வழக்கமாக அந்த மிகுதி 2 முதல் 25 மைக்ரோன் வரை. நாம் எழுதும் கடதாசியின் தடிப்பே ஏறக்குறைய 100 மைக்ரோன். அதில் கால்வாசியைத் தாண்டாத மிகுதிதான் உருக்கு வளையத்தை விரிக்கிறது. விரிந்த வளையம் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கிறது. சுருங்க முடியாமல் தண்டை நெரித்துப் பிடிக்கிறது. 15 மைக்ரோன் இறுக்கம், உலர்ந்த உருக்கின் உராய்வு என்று வைத்துக் கணக்குப் போட்டால், வளையத்தை அசைக்க ஏறக்குறைய அரைத் தொன் விசை வேண்டும். கறள் ஏதும் ஏறாத புதுத் தண்டிலேயே இந்த நிலை.

இனி இன்னொரு கணக்கு. இதே பெயாரிங் பக்கவாட்டில் எவ்வளவு சுமையைத் தாங்கும்? தயாரிப்பாளர்களின் அட்டவணைப்படி இதன் நிலைச்சுமை வரம்பு ஏறத்தாழ 6.5 கிலோநியூட்டன். தண்டின் நீளவாக்கில் வரும் சுமை அதில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. அதாவது ஏறக்குறைய 330 கிலோ எடை. கழற்ற வேண்டியது 500, தாங்கக்கூடியது 330. வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தாலும் சரி, அதில் சுத்தியலால் அடித்தாலும் சரி, அந்த 500 கிலோவும் நடுவில் இருக்கும் குண்டுகள் வழியாகத்தான் உள்வளையத்தைப் போய்ச் சேர வேண்டும். கழற்றி முடிவதற்குள் பெயாரிங் கெட்டுவிடும்.

குண்டு எப்படிக் கெடும் என்பதையும் பார்த்துவிடலாம். 6204இல் எட்டுக் குண்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் விட்டம். குண்டும் பள்ளமும் தொடும் இடம் கண்ணால் பார்க்க முடியாத சிறு நீள்வட்டம். சுமை சிறிதானாலும் அந்த இடத்தில் அமுக்கம் மிகப் பெரிது. சதுர மில்லிமீற்றருக்கு 4200 நியூட்டன் என்ற அளவை எட்டும்போது, குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நிரந்தரமாக நசுங்கிவிடும். நிலைச்சுமை வரம்பு இந்த அளவை வைத்தே வகுக்கப்பட்டிருக்கிறது. நம் பெயாரிங்கில் அது 0.8 மைக்ரோன். அதற்கு மேல் போனால் பள்ளத்தில் குண்டுகளின் இடைவெளியிலேயே வரிசையாகக் குழிகள் விழும். ஓடும்போது ஒவ்வொரு குழியிலும் குண்டு தட்டும். சுவீடனைச் சேர்ந்த யோகான் ஓகஸ்ட் பிரினெல், கடினமான குண்டொன்றை உலோகத்தில் அழுத்தி, விழும் குழியை அளந்து உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் முறையை 1900இல் உலகுக்குக் காட்டினார். அவர் ஆய்வுகூடத்தில் கவனமாகச் செய்ததையே சுத்தியல் பெயாரிங்கின் உள்ளே கண்மண் தெரியாமல் செய்கிறது. ஒரு கிலோ சுத்தியல் நொடிக்கு 5 மீற்றர் வேகத்தில் வந்து, ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், அந்தக் கணத்தில் அது கொடுக்கும் விசை ஒரு தொன்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் கருவிதான் புல்லர். நடுவில் ஒரு திருகாணி, அதைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று கொக்கிக் கால்கள். கால்கள் உள்வளையத்தின் பின்பக்கத்தைப் பற்றிக்கொள்ளும். திருகாணியின் முனை தண்டின் முகத்தில் ஊன்றும். ஸ்பானரால் திருகத் திருக, திருகாணி தண்டைத் தள்ளும், கால்கள் வளையத்தை இழுக்கும். தள்ளுவதும் இழுப்பதும் சம அளவு, எதிரெதிர்த் திசை. ஆகவே விசை கால்களில் ஏறி, தலைப்பகுதியைக் கடந்து, திருகாணி வழியே இறங்கி, தண்டுக்குள் புகுந்து, வளையத்துக்கே திரும்பிவிடுகிறது. வெளியே ஒன்றும் கசிவதில்லை. ஒரு தொன் இறுக்கத்தில் இருக்கும் புல்லரை, பெயாரிங்கும் தண்டுமாகத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். மடி உணர்வது இரும்பின் எடையை மட்டுமே. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடசாலையில் மனப்பாடம் செய்த எவருக்கும் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது என்று நினைக்கிறேன். இந்தச் சுற்றுவழியில் குண்டுகளுக்கு இடமே இல்லை. கால் எங்கே பற்றுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உள்வளையத்தின் பின்னால் கொக்கி நுழைய இடமில்லாவிட்டால், கூர்விளிம்புள்ள இரண்டு அரைவட்டத் தட்டுகளை வளையத்துக்குப் பின்னால் செருகி, போல்ட்டால் நெருக்கி, அவற்றைப் பிடித்து இழுப்பார்கள்.

தொன் கணக்கிலான விசை ஒரு மனிதக் கையில் எப்படி வருகிறது? திருகாணி என்பது சுருட்டி வைத்த சரிவு; கலங்கரை விளக்கின் உள்ளே சுழன்று ஏறும் படிக்கட்டுப் போல, செங்குத்தாக ஏற முடியாத உயரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. புரிகளுக்கு இடையே 1.5 மில்லிமீற்றர் என்றும், ஸ்பானரின் நீளம் 250 மில்லிமீற்றர் என்றும் கொள்வோம். ஒரு முழுச் சுற்றில் கை 1570 மில்லிமீற்றர் நகர்கிறது. திருகாணி நகர்வது வெறும் 1.5. ஆயிரம் மடங்குக்கு மேல். 15 கிலோ பலத்தில் கை தள்ளினால் 15 தொன் வர வேண்டும். வராது. அதில் பெரும்பகுதியைப் புரிகளின் உராய்வும் முனையின் உராய்வும் தின்றுவிட, மிஞ்சுவது 2 தொன் அளவுதான். இதை நட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த உராய்வு இருப்பதால்தான் ஸ்பானரை விட்டுக் கையை எடுத்தாலும் திருகாணி பின்னோக்கிச் சுழல்வதில்லை. இரண்டு தொன் இறுக்கம் நின்ற இடத்தில் நிற்கிறது. இறுக்கி வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்க்கலாம். சில வேளை அந்த இடைவெளியில் 'டக்' என்ற சத்தத்தோடு வளையம் தானாகவே விட்டுக்கொடுத்திருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுக் கழற்ற வேண்டிய ஒன்றை ஏன் இவ்வளவு இறுக்கமாக ஏற்ற வேண்டும்? தளர்வாக ஏற்றினால் என்ன? இதற்கான விடையை முதன்முதலில் கணக்காகப் போட்டுப் பார்ப்பவர் கட்டாயம் வியந்துபோவார். சில்லோடு சேர்ந்து சுழலும் 20 மில்லிமீற்றர் தண்டில், வளையம் 0.02 மில்லிமீற்றர் தளர்வாக இருக்கிறது என்று வைப்போம். வாகனத்தின் எடை எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துவதால் தண்டு வளையத்தின் உட்சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி உருளும். வளையத்தின் உட்சுற்றளவு தண்டின் சுற்றளவைவிட 0.063 மில்லிமீற்றர் கூட. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் தண்டு வளையத்துக்குள் அவ்வளவு தூரம் விலகும். தண்டின் சுற்றளவு 63 மில்லிமீற்றர். ஆயிரம் சுற்றில் முழு வட்டம் விலகிவிடும். சில்லின் சுற்றளவு 2 மீற்றர் என்றால், இரண்டு கிலோமீற்றருக்கு ஒருமுறை தண்டும் வளையமும் ஒன்றையொன்று முழுதாகச் சுற்றி அரைத்துக்கொள்கின்றன. மட்டக்களப்பின் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி போய்ச் சேர்வதற்குள் பத்துத் தடவைக்கு மேல். சில மாதங்களில் தண்டு தேய்ந்து, லேத்தில் போட்டு நிரப்பிக் கடைய வேண்டிய நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் சுமையோடு ஒப்பிடுகையில் சுழலும் வளையம் எதுவோ அது இறுக்கமாக ஏற்றப்படுகிறது. மோட்டார் சைக்கிளின் முன்சில்லில் அச்சு நிற்கிறது, ஹப் சுழல்கிறது. அங்கே வெளிவளையம் ஹப்புக்குள் இறுக்கமாகவும் உள்வளையம் அச்சில் எளிதாகவும் இருக்கும். அங்கே விசை வெளிவளையத்தில் விழ வேண்டும். எந்த வளையம் இறுக்கமோ அதைத்தான் பிடிக்க வேண்டும் என்ற ஒரே விதி, இடத்துக்கு இடம் வேறு வேறு கருவியைக் கேட்கிறது. ஹப்பின் உள்ளே பின்பக்கம் அடைபட்டிருந்தால், துளைக்குள் நுழைந்து விரியும் நாக்குள்ள புல்லர் வேண்டும்.

இதுவரை போட்டது கறளில்லாத தண்டின் கணக்கு; இனி மட்டக்களப்பின் உப்பு நீருக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலுக்கு வாய் திறக்கிறது. மாரியில் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களின் வெள்ளம் இறங்கி வாவியை நன்னீராக்கும். கோடையில் கடல் உள்ளே வந்து உப்பாக்கும். கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஊர்களும் நெடுஞ்சாலையும், படுவான்கரையில் வயல்களும் குளங்களும். இரண்டுக்கும் நடுவே, 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கேயும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் மக்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு பாதைகள் எனப்படும் மிதவைப் படகுகள் ஓடின. இந்தக் கரைகளில் ஓடும் ஒவ்வொரு சில்லும் ஏதோ ஒரு பருவத்தில் உப்புத் தண்ணீரையோ சேற்றையோ தொட்டே தீரும். பெரும்போகத்துக்கு உழும்போது லேண்ட்மாஸ்டரின் இரும்புச் சில்லுகள் அச்சு முட்டச் சேற்றில் புதையும். இந்த இருசில்லு உழவு இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் இலங்கையின் ரே விஜேவர்தன. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் அது தயாரானது. இங்கே நமக்கு வேண்டியது, அதன் அச்சு முனையிலுள்ள சீல் என்னும் ரப்பர் வளையம் சேற்றையும் பெயாரிங்கையும் பிரித்து வைக்கிறது என்பதே. மெல்லிய ரப்பர் உதடு ஒன்றை நம்பித்தான் எல்லாம்.

அந்த உதடு தோற்றால் உள்ளே போவது வெறும் நீரல்ல, உப்பு நீர். உருக்கின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைக் குளோரைட்டு அயன்கள் உடைக்கின்றன. உப்பு நீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் கறள் பிடிக்கும் தாக்கம் விரைகிறது. கறளுக்கு, அது உண்ட இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் வேண்டும். ஏற்கனவே மைக்ரோன் கணக்கில் நெருங்கிக் கிடக்கும் தண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே அந்த இடம் எங்கே இருக்கிறது? ஆகவே கறள் ஆப்பு இறக்கியது போல இரண்டையும் நெருக்கும். அரைத் தொன்னில் வர வேண்டியது பல தொன் கேட்கும். அப்போதுதான் பலர் சுத்தியலை நோக்கித் திரும்புகிறார்கள்.

கழற்றலாமா வேண்டாமா என்பதைக் காதுதான் முதலில் முடிவு செய்கிறது. சில்லைத் தூக்கிவிட்டுச் சுழற்றி, நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை ஹப்பில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார் மெக்கானிக். காற்றில் கேட்காத சிறு தட்டல் உருக்கு வழியாக வரும். திண்மம் ஒலியை நன்றாகக் கடத்துகிறது. இந்த வாவிக்கு இது புதிய வித்தை அல்ல. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, பாடும் மீன்களின் ஒலி என்று மக்கள் சொன்னதைக் கேட்க இரவில் படகில் போனார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி மிகவும் வலுத்தது என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது கல்லடிப் பாலத்தடியில் இன்றும் சொல்லப்படும் முறை. மரத்தின் இடத்தில் உருக்கு, மீனின் இடத்தில் குழி விழுந்த பள்ளம், இயற்பியல் ஒன்றே.

புல்லருக்கும் அசையாத வளையத்துக்கு வெப்பம் துணை வரும். உருக்கு ஒவ்வொரு பாகைக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். 20 மில்லிமீற்றர் வளையத்தை மட்டும் 80 பாகை சூடாக்கினால் ஏறக்குறைய 19 மைக்ரோன் அகலும், இறுக்கமே அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளின் அலுமினிய ஹப் என்றால் இன்னும் எளிது. அலுமினியம் உருக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கொதிநீரை ஹப்பின் மேல் ஊற்றினால், 47 மில்லிமீற்றர் துளையிலே 35 மைக்ரோன் அளவுக்கு இறுக்கம் தளர்ந்துவிடும். ஒரு கேத்தல் வெந்நீர் செய்யும் வேலையை ஐந்து கிலோச் சுத்தியல் செய்யாது.

இதைவிட அழகான உத்தி வெல்டிங் செய்பவர்களிடம் இருக்கிறது. பெரிய உழவு இயந்திரத்தின் ஹப்புக்குள், உருளைப் பெயாரிங்கின் வெளிவளையம் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளும். பின்னால் கொக்கி பிடிக்க விளிம்பே இராது. அந்த வளையத்தின் உட்சுவரைச் சுற்றி வெல்டிங்கால் ஒரு வரி ஓட்டிவிட்டு ஆறவிடுவார்கள். ஆறியதும் வளையம் பல தடவை தானாகவே கழன்று விழும். சூட்டில் விரிய வேண்டியது ஏன் சுருங்குகிறது? வெல்டிங் வரி பழுக்கச் சூடாகும்போது வளையம் விரியப் பார்க்கிறது. சுற்றிலும் குளிர்ந்த கனத்த ஹப் இடம் கொடுக்க மறுக்கிறது. போக இடமில்லாத சூடான உருக்கு தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கிறது. பிறகு ஆறும்போது, நசுங்கிய அளவிலிருந்து சுருங்கத் தொடங்குவதால், முன்பிருந்ததைவிடச் சிறிதாகிவிடுகிறது. அந்த வளையம் மீண்டும் உதவாது என்பது உண்மை. ஆனால் ஹப் கீறலின்றித் தப்பிவிடும். ஹப்புக்காகத்தான் இத்தனை பாடும்.

ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எஞ்சின்களில் மக்னெற் சில்லைக் கழற்றுவது வேறு வகை. அது நேரான தண்டில் ஏறியிருப்பதில்லை, கூம்பில் ஏறியிருக்கும். பல சிறு எஞ்சின்களில் 5 மில்லிமீற்றர் நீளத்துக்கு 1 மில்லிமீற்றர் விட்டம் குறையும் கூம்பு அது. அதன் பக்கச் சரிவு 6 பாகைக்கும் குறைவு. உலர்ந்த உருக்கில் பொருள் வழுக்கத் தொடங்க 8 பாகைக்கு மேல் சரிவு வேண்டும். ஆகவே நட்டைக் கழற்றிய பிறகும் கூம்பு தானாக விடாது. ஆனால் ஒருமுறை அசைந்துவிட்டால், மிகச் சிறிய விலகலிலேயே பிடி முழுவதும் போய்விடும். அதுவரை உருக்கில் தேங்கியிருந்த மீள்சக்தி முழுவதும் சில்லை வெளியே எறியும். நட்டை முழுதாக எடுக்காமல் இரண்டு மூன்று புரியில் விட்டுவைத்து இழுப்பது இதற்காகவே. பெயாரிங்கை இழுக்கும்போதும் கவனம் வேண்டும். பெயாரிங் உருக்கு 1 வீதக் கரியும் 1.5 வீதக் குரோமியமும் கலந்து, மிகக் கடினமாக்கப்பட்டது. அது வளையாது, உடையும், உடையும்போது தெறிக்கும். புல்லரைச் சாக்கால் மூடிக்கொண்டு இழுக்கும் பழக்கம் நல்லது. கண்ணாடி அணியும் பழக்கம் இன்னும் எல்லாக் கராஜ்களுக்கும் வரவில்லை. சில நூறு ரூபாய்க் கண்ணாடி ஒன்றுக்குப் பதிலாக ஓர் இளைஞனின் கண்ணைப் பணயம் வைக்க எந்த வேலைக்கும் உரிமையில்லை.

புல்லரால் சரியாகக் கழற்றிய பெயாரிங்கை உடனே குப்பையில் போடக்கூடாது. அடிபடாமல் வெளியே வந்ததால் அது தன் கதையை அப்படியே வைத்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார்த்தால், பள்ளத்தில் சம இடைவெளியில் பளபளக்கும் குழிகள் இருக்கலாம். அப்படியிருந்தால், சென்ற தடவை மாட்டியவர் சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார். நீலமாகவோ வைக்கோல் நிறமாகவோ மாறியிருந்தால் கிரீஸ் வற்றிச் சூடேறியிருக்கிறது. ஓட்டத் தடம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தண்டோ ஹப்போ நேராக இல்லை. இந்தக் கடைசிக் குறைக்குத்தான் சுவீடனில் ஸ்வென் விங்க்விஸ்ட் தீர்வு கண்டார். அவர் வேலை செய்த கோதன்பர்க் நெசவாலையின் கீழ்நிலம் களிமண். நிலம் அமர அமரத் தண்டுகள் கோணி, பெயாரிங்குகள் தொடர்ந்து கெட்டன. கோணலைத் தானே சரிசெய்துகொள்ளும் இரட்டை வரிசைக் குண்டுப் பெயாரிங்கை அவர் உருவாக்க, 1907இல் எஸ்கேஎஃப் நிறுவனம் பிறந்தது.

வாவிக்கரையில் மிகுதியாகக் காண்பது இன்னொன்று: குண்டுகளின் இடைவெளியிலேயே விழுந்த கபில நிறக் கறைகள். சுத்தியல் குழி போலத் தோன்றும், ஆனால் பளபளப்பிராது. விரலால் தடவினால் சொரசொரக்கும். உழவு முடிந்து இயந்திரம் நின்றுவிட்ட மாதங்களில், உள்ளே புகுந்த நீர் ஒவ்வொரு குண்டின் அடியிலும் தேங்கி அரித்த அடையாளம் அது. ஓடியதால் கெட்டதல்ல, நின்றதால் கெட்டது. இதைப் பார்த்தவர் பெயாரிங்கை மட்டும் மாற்றினால் அடுத்த போகம் முடிவதற்குள் புல்லரை மறுபடியும் எடுக்க வேண்டிவரும். சீலை மாற்ற வேண்டும். அதற்கு முன்னர், பழைய சீலின் உதடு உரசிய இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கினால், மெல்லிய உருக்கு உறை ஒன்றை அந்த இடத்தில் ஏற்றிவிட்டு, கிரீஸை இரண்டு பக்கமும் அடைத்த பிறகுதான் புதுப் பெயாரிங்கைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும்.